வெளிநாட்டு அலுவலகத்துக்கு ஃபேக்ஸ் அனுப்புவது எப்படி: எண் முதல் மேசை வரை

சில வருடங்களுக்கு முன் வெளிநாட்டு அரசு அலுவலகம் ஒன்றுக்கு ஏழு பக்கம் ஃபேக்ஸ் அனுப்பினேன். இயந்திரம் கீச்சிட்டு முடித்து, ‘ஓகே, 7 பக்கம்’ என்று ஒரு சீட்டையும் துப்பியது. மூன்று வாரம் பதில் இல்லை. கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். எடுத்த பெண்மணி கொஞ்சம் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்கள் எண்ணிலிருந்து ஏழு வெள்ளைத் தாள் வந்திருந்தது. தலையில் எண் மட்டும்தான் இருந்தது. யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம்.”

அந்த இயந்திரத்தில், தாளை உள்ளிழுக்கும் தட்டில் எழுத்துப் பக்கம் கீழே பார்க்க வேண்டும். நான் மேலே பார்க்க வைத்திருக்கிறேன். இயந்திரத்தைக் குற்றம் சொல்ல வழியே இல்லை; வெள்ளைத் தாளை வெள்ளைத் தாளாகவே, ஒரு புள்ளி பிசகாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஃபேக்ஸ் அனுப்பியாயிற்று. போகாமல் போனவற்றையும், போயும் பயனில்லாமல் போனவற்றையும் எண்ணிப் பார்த்தால், நடுவில் கடல் தாண்டும் கம்பியில் தகராறு வந்தது குறைவு. இந்த முனையில் எண்ணையோ தாளையோ சரியாகப் பார்க்காதது, அந்த முனையில் தாள் யார் கைக்கும் போகாதது, இந்த இரண்டும்தான் அதிகம். ஆகவே இந்த வழிகாட்டியில் எந்தப் பொத்தானை அமுக்குவது என்பதைவிட அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளுக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: அவர்கள் இன்னும் ஃபேக்ஸ் வாங்குகிறார்களா?

இதைக் கேட்காமல் எதையும் தொடங்காதீர்கள். நாட்டுக்கு நாடு நிலவரம் வேறு. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2024 ஜூலை 1 முதல் ஃபேக்ஸ் வழித் தாக்கலை நிறுத்திவிட்டது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். 2019 ஜனவரியிலிருந்து புதிய ஃபேக்ஸ் இயந்திரம் வாங்கத் தடை போட்டது. இருப்பவற்றையும் 2020 மார்ச்சுக்குள் ஒழிக்கச் சொன்னது. ஜெர்மனியில் 2022 தொடக்கத்திலிருந்து வழக்கறிஞர்கள் நீதிமன்றத்துக்கு மின்னணு முறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கறிஞர் இல்லாமல் தானே எழுதிக்கொள்ளும் தனிமனிதருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மறுபக்கம் ஜப்பான். 2021இல் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சராக இருந்த கோனோ தாரோ அரசு அமைச்சகங்களிலிருந்து ஃபேக்ஸை விரட்டப் பார்த்தார். உள்ளேயிருந்தே நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் குவிந்தன, ஃபேக்ஸ் தங்கிவிட்டது. அமெரிக்காவில் மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், வரித்துறையான ஐ.ஆர்.எஸ். எல்லாம் இன்றும் அன்றாடம் ஃபேக்ஸ் புழங்கும் இடங்கள்தான்.

எனவே அந்த அலுவலகத்தின் இப்போதைய படிவத்தோடு வரும் விளக்கக் குறிப்பைப் படியுங்கள். பழைய கடிதத்தாளின் தலைப்பில் உள்ள எண்ணை நம்பாதீர்கள். இயந்திரத்தைத் தூக்கிப் போட்ட பிறகும் அச்சடித்த கடிதத்தாள் தீரும்வரை ஓடிக்கொண்டிருக்கும். மூன்று விஷயம் தெளிவாக வேண்டும்: இந்த ஆவணத்தை ஃபேக்ஸில் ஏற்பார்களா, எந்தப் பிரிவின் எண்ணுக்கு அனுப்ப வேண்டும், பின்னாலேயே அசல் தாளும் தபாலில் வர வேண்டுமா. மூன்றாவதைக் கேட்க மறப்பவர்கள்தான் அதிகம்.

படி 2: எண்ணைப் பிரித்து எழுதுங்கள்

என் கணக்கில் பாதித் தோல்விகள் இங்கேதான். ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். லண்டன் அலுவலகம் ஒன்றின் கடிதத்தாளில் இப்படி இருக்கிறது:

ஃபேக்ஸ்: +44 (0)20 7946 0321

(பயப்படாதீர்கள், இது நாடகங்களிலும் படங்களிலும் காட்டுவதற்காக ஒதுக்கி வைத்த எண் வரிசை. யார் வீட்டிலும் மணி அடிக்காது.)

முன்னால் உள்ள கூட்டல் குறிக்கு ‘நீங்கள் இருக்கும் நாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு அழைக்கும் முன்னெண்ணை இங்கே போடுங்கள்’ என்று அர்த்தம். பெரும்பாலான நாடுகளில் அது 00. அமெரிக்காவிலும் கனடாவிலும் 011, ஜப்பானில் 010, ஆஸ்திரேலியாவில் 0011. செல்பேசியில் கூட்டல் குறியையே போடலாம். மேசையில் இருக்கும் பழைய ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு அது புரியாது, முன்னெண்ணைத்தான் அடிக்க வேண்டும். அடுத்து 44, அது நாட்டுக் குறியீடு. அதற்கடுத்த அடைப்புக்குறிப் பூஜ்யம்தான் வில்லன். இங்கிலாந்துக்குள் ஒரு ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அழைப்பவர்களுக்கு மட்டுமே அது. வெளியிலிருந்து அழைக்கும்போது விட்டுவிட வேண்டும். ஆக, 00 முன்னெண் உள்ள நாட்டிலிருந்து அடிக்க வேண்டியது: 00 44 20 7946 0321.

ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, பிரான்ஸ் எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: முன் பூஜ்யத்தை உதறுங்கள். டோக்கியோவின் 03, வெளியிலிருந்து 81 3 ஆகிவிடும். ஆனால் இத்தாலி முரண்டு பிடிக்கும். அங்கே தரைவழி எண்ணின் பூஜ்யம் எண்ணின் அங்கம். ரோம் நகரத்து 06, வெளியிலிருந்தும் 39 06தான். ஸ்பெயின், டென்மார்க், சிங்கப்பூர் போன்ற இடங்களில் உதறுவதற்குப் பூஜ்யமே கிடையாது. அமெரிக்க எண் சுலபம்: நாட்டுக் குறியீடு 1, பின்னால் பத்து இலக்கம். நாட்டுக் குறியீட்டிலிருந்து எண்ணினால் எந்த நாட்டு எண்ணும் 15 இலக்கத்தைத் தாண்டாது. தாண்டினால் எங்கோ எதையோ இரண்டு தடவை எழுதியிருக்கிறீர்கள்.

ஜெர்மன் கடிதத்தாளில் இன்னொரு வேடிக்கை உண்டு. தொலைபேசி 23125-0, ஃபேக்ஸ் -99 என்று இருக்கும். இரண்டாவது தனி எண் இல்லை. கோட்டுக்குப் பின்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிட்டு அங்கே 99 போடுங்கள் என்று பொருள்: 23125 99. முதல் தடவை இதைப் பார்த்தபோது நான் அரைமணி நேரம் விழித்தேன்.

அடுத்த பொறி, கட்டணமில்லா எண்கள். அமெரிக்காவின் 800, 855, 888 போன்றவை, ஜப்பானின் 0120, ஐரோப்பிய நாடுகளின் 0800 எல்லாம் அந்த நாட்டுக்குள் இருப்பவர்களுக்காக ஏற்பட்டவை. வெளியிலிருந்து அழைத்தால் பல சமயம் இணைப்பே கிடைக்காது. விவரம் தெரிந்த அலுவலகங்கள் வெளிநாட்டவருக்கென்று சாதாரண எண் ஒன்றைத் தனியாகக் கொடுக்கும், ஐ.ஆர்.எஸ். சில படிவங்களுக்கு அப்படித்தான் நாட்டுக்குள் ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு ஃபேக்ஸ் எண் அச்சிடுகிறது. அவசரத்தில் கண்ணில் முதலில் படுவது உள்நாட்டு எண்ணாகத்தான் இருக்கும்.

எண் தயாரானதும் அதைச் சாதாரணத் தொலைபேசியில் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். ‘பீ...’ என்று ஒரே சுருதியில் மூன்று விநாடி போல நீண்டு, அப்புறம் கரகரவென்று இரைந்தால் அது ஃபேக்ஸ். அந்த முதல் சுருதி 2100 ஹெர்ட்ஸ். உலகம் முழுவதும் ஒன்றேதான். மனிதக் குரல் கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஃபேக்ஸுக்குத் தனி எண் உண்டா என்று விசாரியுங்கள். இந்தச் சோதனையை அந்த ஊரில் பகலாக இருக்கும்போது செய்யுங்கள். ஒருமுறை இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி அடித்துவிட்டு நான் பாட்டுக்கு வெளியே போய்விட்டேன். ஃபேக்ஸ் இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு: கிடைக்காவிட்டால் சில நிமிடத்துக்கு ஒருமுறை தானே மறுபடி அழைக்கும். அங்கே விடியற்காலை 3 மணி. எடுத்த வீட்டுக்காரர் காதில் ஒவ்வொரு தடவையும் ‘பீப்... பீப்’. திரும்பி வந்து பதிவுச் சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. யாரென்று தெரியாத அந்த மனிதருக்கு இன்றுவரை கடன்பட்டிருக்கிறேன்.

படி 3: தாளை ஃபேக்ஸின் கண்ணால் பாருங்கள்

ஃபேக்ஸுக்குச் சாம்பல் நிறம் தெரியாது. ஒரு வரியில் 1728 புள்ளி. ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் இல்லை. சாதாரணத் தரத்தில் குறுக்கே அங்குலத்துக்கு 204 புள்ளி, நெடுக்கே 98 வரி மட்டுமே. ‘ஃபைன்’ என்று வைத்தால் நெடுக்கே 196 ஆகும். எழுத்து சின்னதாக இருந்தாலோ, படிவத்தில் கட்டங்கள் நெருக்கமாக இருந்தாலோ ஃபைன் வையுங்கள். நேரம் கூடும், பரவாயில்லை. அதற்கு மேல் ‘சூப்பர் ஃபைன்’ போக வேண்டாம். எதிர் இயந்திரம் ஏற்காவிட்டால் எப்படியும் கீழே இறங்கிவிடும்.

இதிலிருந்து மற்றதெல்லாம் தானே வரும். கறுப்பு மையில் எழுதுங்கள். வெளிர் நீலப் பேனாக் கையெழுத்து பாதி காணாமல் போகும். எழுத்தளவு 12க்குக் குறைய வேண்டாம். ஹைலைட்டரால் கோடிட்ட வரி, அடர்ந்த நிறமாக இருந்தால், கறுப்புப் பட்டையாகி உள்ளே இருக்கும் எழுத்தையே விழுங்கிவிடும். நிழலிட்ட கட்டங்கள், பெரிய கறுப்பு லோகோ இவையெல்லாம் படத்தைக் கெடுப்பதோடு நேரத்தையும் தின்னும். வெள்ளை நிறையவும் கறுப்பு கொஞ்சமும் உள்ள தாள்தான் நன்றாகச் சுருங்கி வேகமாகப் போகும்.

கடவுச்சீட்டு, அடையாள அட்டை நகல்கள் தனித் தலைவலி. பின்னணியில் இருக்கும் பாதுகாப்புக் கோலங்கள் எல்லாம் கறுப்புப் பொரியாக வந்து முகத்தையும் எண்ணையும் மூடிவிடும். நகல் எடுக்கும்போதே கொஞ்சம் பெரிதாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி எடுங்கள். எண்ணையும் காலாவதித் தேதியையும் தாளின் ஓரத்தில் கறுப்பு மையில் தனியாக எழுதிவிடுங்கள். அழுத்தி மேடாக்கிய முத்திரை ஃபேக்ஸில் தெரியவே தெரியாது. மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து அதன் மேல் லேசாகத் தேய்த்தால் மேட்டெழுத்து கறுத்து வரும். அசலில் தேய்க்க மனமில்லை என்றால், அந்த இடத்தில் முத்திரை இருப்பதை முகப்புத் தாளில் ஒரு வரி குறிப்பிடுங்கள்.

சந்தேகமாக இருந்தால் அனுப்பும் முன் கணினியிலேயே பார்த்துவிடலாம். பக்கத்தை ஸ்கேன் செய்து, ஜிம்ப் போன்ற ஏதாவது ஒரு பட மென்பொருளில் அகலத்தை 1728 புள்ளியாகச் சுருக்கி, கறுப்பு வெள்ளை மட்டும் உள்ள படமாக மாற்றுங்கள். திரையில் தெரிவதுதான் ஏறக்குறைய அவர்கள் கையில் கிடைக்கப்போவது. அதை உங்களாலேயே படிக்க முடியவில்லை என்றால் அவர்களாலும் முடியாது.

தாள் அளவையும் கவனியுங்கள். உலகில் பெரும்பகுதி ஏ4 பயன்படுத்துகிறது. உயரம் 297 மில்லிமீட்டர். அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘லெட்டர்’ தாள், உயரம் 279. அந்த 18 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் உங்கள் கடைசி வரியும் கையெழுத்தும் அடுத்த தாளுக்குத் தாவிவிடலாம், அல்லது பக்கமே சுருங்கி அச்சாகலாம். அடியில் இரண்டரை சென்டிமீட்டரும், தலையில் ஒன்றரை சென்டிமீட்டரும் காலியாக விடுங்கள். தலையில் இயந்திரம் போடும் வரிக்கும் இடம் வேண்டும்.

எல்லாப் பக்கத்திலும் உங்கள் பெயர், கோப்பு எண், ‘3 / 7’ என்று பக்க எண். அந்த முனையில் மூன்று பேருடைய ஃபேக்ஸ் ஒரே தட்டில் கலந்து கிடக்கும். பெயரில்லாத நான்காம் பக்கம் அநாதை.

படி 4: முகப்புத் தாள்

இது அலங்காரத்துக்கு இல்லை. தட்டிலிருந்து தாளை அள்ளும் ஆள் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு செய்வது இதைப் பார்த்துத்தான். பெறுநரின் பெயர் தெரியாவிட்டாலும் பிரிவின் பெயர் கட்டாயம். அவர்களது ஃபேக்ஸ் எண், உங்கள் பெயர், கூட்டல் குறியும் நாட்டுக் குறியீடும் சேர்ந்த உங்கள் தொலைபேசி எண், பதில் ஃபேக்ஸ் எண், மின்னஞ்சல், பொருள், கோப்பு எண், முகப்பையும் சேர்த்து மொத்தப் பக்கம். தேதியை 03/04 என்று எழுதாதீர்கள். அமெரிக்கர் அதை மார்ச் 4 என்று படிப்பார், ஐரோப்பியர் ஏப்ரல் 3 என்று படிப்பார். மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதுங்கள்.

அவர்கள் மொழியில் இரண்டு வரி எழுத முடிந்தால் நல்லது. ஃபேக்ஸ் அனுப்புவது படம்தான் என்பதால் ஜப்பானிய எழுத்தோ அரபு எழுத்தோ எதுவும் சிக்கல் இல்லாமல் போகும். ஆனால் ரகசியம் எதையும் முகப்பில் எழுதாதீர்கள். பிறந்த தேதி, வரி எண், நோய் விவரம் இதெல்லாம் உள்ளே இருக்கட்டும். முகப்புத் தாள் பொதுத் தட்டில் மல்லாந்து கிடக்கும். போவோர் வருவோர் எல்லாம் படிப்பார்கள்.

இயந்திரத்தின் கடிகாரத்தையும், அதில் பதிந்துள்ள உங்கள் பெயர், எண் இரண்டையும் இப்போதே சரிபாருங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அவைதான் அச்சாகும். அமெரிக்காவில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி தேதி, நேரம், அனுப்புபவர் அடையாளம், எண் இவை ஃபேக்ஸின் விளிம்பில் இருந்தே ஆக வேண்டும். கேட்காமல் விளம்பர ஃபேக்ஸ் அனுப்புவதையும் அதே சட்டம் தடுக்கிறது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு விலைப்பட்டியலை மொத்தமாக அனுப்பும் யோசனை இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள்.

படி 5: எதன் வழியாக அனுப்புவது?

பழைய செம்புக் கம்பித் தரைவழி இணைப்பும் ஒரு இயந்திரமும் கையில் இருந்தால் அதைவிட நம்பகமானது இல்லை. ஆனால் அந்தக் கம்பி உலகம் முழுக்க மறைந்துவருகிறது. ஜப்பானின் பெரிய தொலைபேசி நிறுவனமான என்.டி.டி. 2024, 2025 வாக்கில் தன் தொலைபேசி வலையமைப்பை இணைய நெறிமுறைக்கு மாற்றியது. இங்கிலாந்து 2027 ஜனவரிக்குள் பழையதை அணைக்கத் திட்டமிட்டிருக்கிறது. உங்கள் வீட்டுத் தொலைபேசி மோடத்தின் பின்னால் செருகியிருந்தால், உங்களுடையதும் இணையவழித் தொலைபேசிதான்.

அதனால் என்ன? இணையவழித் தொலைபேசி மனிதக் குரலுக்காகச் செதுக்கியது. காது கண்டுபிடிக்காது என்று சில ஒலிகளை வெட்டிச் சுருக்கும். மௌனத்தை அனுப்பாமல் விடும். நடுவில் ஒரு பொட்டலம் தொலைந்தால் கண்டுகொள்ளாது. பேச்சுக்கு அது போதும். ஃபேக்ஸுக்கோ ஒவ்வொரு கரகரப்பும் தகவல். இதற்காகவே டி.38 என்ற தனி நெறிமுறை இருக்கிறது. உங்கள் சேவையிலும், ஃபேக்ஸ் இயந்திரத்தை இணையத்தோடு இணைக்கும் அடாப்டரிலும் அது உண்டா என்று கேட்டு இயக்குங்கள். இல்லையென்றால் குரல் சுருக்கம் இல்லாத ஜி.711 முறைக்கு மாற்றி, மௌனத்தை வெட்டும் வசதியை அணையுங்கள். வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டுக்கு இறக்குங்கள்.

இயந்திரமே இல்லாதவர்களுக்கு இணைய ஃபேக்ஸ் சேவைகள்: ஈஃபேக்ஸ், ஃபேக்ஸ் பிளஸ், டிராப்பாக்ஸ் ஃபேக்ஸ் மாதிரி. பி.டி.எஃப். கோப்பை ஏற்றி, கூட்டல் குறியோடு எண்ணைக் கொடுத்தால் மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எப்போதாவது அனுப்புபவருக்கு இதுதான் சரி. கம்பித் தொல்லை அவர்களுடைய தலைவலி. தேர்ந்தெடுக்கும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்த நாட்டுக்கு அனுப்புகிறார்களா, பக்கக் கணக்கு எப்படி. சில சேவைகள் ஒரு பக்கம் 60 விநாடிக்கு மேல் ஓடினால் இரண்டு பக்கமாகக் கணக்கிடும். புகைப்படம் நிறைந்த பக்கம் அப்படித்தான் பையைக் காலி செய்யும். இலவசச் சேவைகள் முகப்பில் தங்கள் விளம்பரத்தை ஒட்டும். அரசு அலுவலகத்துக்கு அது அழகில்லை. கடவுச்சீட்டு நகலை அதில் ஏற்றவே கூடாது என்பது என் கட்சி.

இன்னொன்று, பதில் வருமா என்று யோசியுங்கள். அமெரிக்காவில் தொழிலிடம் இல்லாத வெளிநாட்டவர், தன் நிறுவனத்துக்கான ஈ.ஐ.என். என்ற வரி எண்ணை இணையத்தில் எடுக்க முடியாது, அதற்கான எஸ்.எஸ்-4 விண்ணப்பப் படிவத்தை ஃபேக்ஸில் அனுப்புவது பலர் எடுக்கும் வழி. பதில் ஃபேக்ஸ் எண் எழுதியிருந்தால் பொதுவாக நான்கு வேலை நாளில் ஃபேக்ஸிலேயே எண் திரும்பி வரும் என்று ஐ.ஆர்.எஸ். சொல்கிறது; தபால் என்றால் வாரக் கணக்கு. நடைமுறையில் அந்த நான்கு நாள் நீளலாம், அது வேறு. ஆனால் அனுப்ப மட்டும் முடிகிற சேவையில் அனுப்பிவிட்டு, பதில் எண் இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். பெறும் எண் ஒன்றையும் சேர்த்து எடுங்கள். பதில் வரும்வரை அதை ரத்து செய்யாதீர்கள்.

படி 6: நேரம்

இரவில் கம்பி காலியாக இருக்கும், அதனால் அப்போதுதான் அனுப்ப வேண்டும் என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. இரவில் தாள் தீர்ந்தால் போட ஆள் இல்லை. தொலைபேசிக்கும் ஃபேக்ஸுக்கும் ஒரே எண் என்றால் எடுத்துப் பொத்தானை அமுக்க ஆள் இல்லை. அவர்கள் ஊரில் அலுவலகம் திறந்து ஒரு மணி நேரம் கழித்து, வாரத்தின் நடு நாட்களில் அனுப்புங்கள். அமெரிக்காவும் ஐரோப்பாவும் கோடைகால நேரத்துக்கு மாறும் நாட்கள் வேறு வேறு. மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும், இலையுதிர்காலத்தில் ஒரு வாரமும் இந்த இரண்டுக்கும் இடையிலான வழக்கமான நேரக் கணக்கு ஒரு மணி நேரம் பிசகும். கடைசித் தேதி உள்ள ஆவணம் என்றால் அவர்கள் ஊர்க் கடிகாரம்தான் கணக்கு. கடைசிப் பக்கம் வந்து முடிந்த நேரம்தான் நேரம். கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

படி 7: அனுப்புவது

இதுதான் சின்னப் படி. தாளின் கிளிப், பின் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் மேலே பார்க்க வேண்டும் என்று இயந்திரத்தில் பொறித்திருக்கும் சிறு படத்தைப் பாருங்கள் (பாருங்கள், என்னைப் போல் ஆகாதீர்கள்). தரத்தை ஃபைனில் வையுங்கள். பிழைதிருத்த முறையான ஈ.சி.எம். இயங்கட்டும். எண்ணை அடித்து, திரையில் தெரிவதைத் தாளில் உள்ளதோடு இலக்கம் இலக்கமாக ஒப்பிட்டு, தொடக்கப் பொத்தானை அமுக்குங்கள். வெளியே அழைக்க முதலில் 9 அடிக்க வேண்டிய அலுவலக இணைப்பு என்றால், 9க்கும் 00க்கும் நடுவில் ‘பாஸ்’ பொத்தானால் ஒரு இடைவெளி விடுங்கள். வெளிநாட்டு இணைப்பு கிடைக்கக் கூடுதல் விநாடிகள் ஆகும்; மௌனமாக இருக்கிறதே என்று துண்டிக்காதீர்கள்.

20 பக்கத்துக்கு மேல் இருந்தால் இரண்டு மூன்று தவணையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘தவணை 1 / 3’ என்று தனி முகப்புப் போடுங்கள். ஒரே மூச்சில் அனுப்பி நாற்பதாம் பக்கத்தில் அறுந்தால், எது போயிற்று, எது போகவில்லை என்று தேடும் வேதனை மிஞ்சும்.

போகவில்லை என்றால்

சீட்டில் ‘பிஸி’ என்று வந்தால் காத்திருங்கள், அவ்வளவுதான். ‘பதில் இல்லை’ என்றால் எண்ணை மறுபடி பாருங்கள். எண் சரி என்றால் அங்கே விடுமுறையா என்று பாருங்கள். ‘தகவல் தொடர்புப் பிழை’ என்பதுதான் கம்பியின் குற்றம். தூர அழைப்பில் எதிரொலியும் தாமதமும் சேர்ந்து இரண்டு இயந்திரங்களின் முதல் கைகுலுக்கலைக் குழப்பிவிடும். அமைப்புகளில் வேகத்தை இறக்குங்கள்: 33600 வேகத்தை அணைத்து 14400, அதுவும் ஆகாவிட்டால் 9600, அப்புறம் 4800. மெதுவாகப் போனால் சேதமில்லாமல் போகும். பிரதர், பானசோனிக் இயந்திரங்கள் சிலவற்றில் ‘ஓவர்சீஸ் மோட்’ என்றே ஒன்று இருக்கிறது. இந்த வேலையைத்தான் அது செய்கிறது. பிரதரில் ஒரு ஃபேக்ஸ் போனதும் தானே அணைந்துவிடும், அடுத்ததற்கு மறுபடி போட வேண்டும்.

ஈ.சி.எம்.ஐ அணைப்பது கடைசி ஆயுதம். அது இயங்கினால் கெட்டுப்போன துண்டுகளை இயந்திரம் திரும்பக் கேட்டு வாங்கும். மோசமான கம்பியில் கேட்டுக் கேட்டே களைத்து அறுந்துவிடும். அணைத்தால் பக்கம் போய்விடும், ஆனால் நடுநடுவே கோடு விழுந்திருக்கும். பெரிய எழுத்துள்ள கடிதத்துக்கு அது பரவாயில்லை. எண்கள் நிறைந்த படிவத்துக்கு வேண்டாம்.

பாதியில் அறுந்தால் போகாத பக்கங்களை மட்டும், ‘முன்பு 1 முதல் 4 வந்திருக்கும், இவை 5 முதல் 7’ என்று புது முகப்பில் எழுதி அனுப்புங்கள்.

‘ஓகே’ வந்த பிறகு

ஓகே என்றால் எதிர் இயந்திரம் ஒவ்வொரு பக்கத்துக்கும் ‘வந்தது’ என்று பதில் சமிக்ஞை கொடுத்தது என்று மட்டுமே பொருள். தாளில் அச்சானதா, படிக்க முடிகிறதா, சரியான மேசைக்குப் போனதா, எதையும் அது சொல்லாது. தாள் தீர்ந்திருந்தால்கூட இயந்திரம் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு ஓகே சொல்லும். ஜெர்மன் உச்ச நீதிமன்றமே அந்த ஓகே குறிப்பை வந்து சேர்ந்ததற்கான முழு ஆதாரமாக எடுப்பதில்லை. ஒரு அறிகுறி என்ற அளவில்தான் மதிக்கிறது.

ஆனாலும் அந்தச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். முதல் பக்கத்தின் சிறு படமும் சேர்ந்து அச்சாகும்படி அறிக்கையை அமைத்து, அனுப்பிய தாள்களோடு இணைத்து வையுங்கள். அன்றோ மறுநாளோ தொலைபேசியில் கேளுங்கள்: எத்தனை பக்கம் வந்தது, கடைசிப் பக்கக் கையெழுத்து தெரிகிறதா, கோப்பில் சேர்த்தாயிற்றா. பேசியவர் பெயரையும் நேரத்தையும் சீட்டின் பின்னாலேயே குறித்துக்கொள்ளுங்கள். பொது இடத்து இயந்திரத்தில் அனுப்பியிருந்தால் நினைவகத்தில் உங்கள் பக்கங்கள் தங்கியிருக்கலாம். அழிக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். கண்ணாடியின் மேல் அசலை மறந்து விட்டுவருவதும் சகஜம்.

அந்த ஏழு வெள்ளைத் தாள் விஷயம் எப்படி முடிந்தது என்றால், அந்தப் பெண்மணி “இப்போதே அனுப்புங்கள், நான் லைனில் இருக்கிறேன்” என்றார். செல்பேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாள்களை இந்தத் தடவை சரியாகத் திருப்பி வைத்தேன். அங்கே தாள் வெளியே வரும் சத்தம் எனக்கே கேட்டது. ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தவர் ஐந்தில் நிறுத்தினார். “கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லையே?” நீலப் பேனா. மேலேயே கறுப்பில் இன்னொரு தடவை கையெழுத்துப் போட்டு, ஐந்தாம் பக்கத்தை மட்டும் திரும்ப அனுப்பினேன்.